வீட்டுக்கு எந்தக் கத்தி: இரும்பா, ஸ்டீலா, ஜப்பானா, அருவாமனையா?

சமையலறைக்கு ஒரு நல்ல கத்தி வாங்கலாம் என்று இணையத்தில் தேட ஆரம்பித்தால் பத்தே நிமிடத்தில் தலை சுற்றிவிடும். பிளாஸ்டிக் பிடி போட்ட ஐம்பது ரூபாய்க் கத்தி இருக்கிறது, மரப்பெட்டியில் வைத்துத் தருகிற இருபதாயிரம் ரூபாய் ஜப்பான் கத்தியும் இருக்கிறது, இரண்டும் வெங்காயம் நறுக்கும். எது நல்லது என்று சொல்கிற வீடியோக்களில் பெரும்பாலும் கேரட்டும் மாட்டிறைச்சித் துண்டும்தான் வெட்டிக் காட்டுகிறார்கள். நமக்கோ பரங்கிக்காய், சேனைக்கிழங்கு, வாழைப்பூ, முருங்கைக்காய், கைநிறைய சின்ன வெங்காயம், வாரத்துக்கு ஒருநாள் மீன். அதற்கு எது சரிவரும் என்பதுதான் இங்கே பேச்சு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு நடுத்தர விலையில் ஒரு ஸ்டீல் கத்தி, அதைவிட முக்கியமாக ஒரு சாணைக்கல், இரண்டும் போதும். மற்ற வகைகள் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதையும் பார்ப்போம். அதற்குக் கொஞ்சம் பழங்கதை தேவைப்படுகிறது, ஏனென்றால் கடையில் தொங்குகிற ஒவ்வொரு வகையும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு காலத்தில், யாருக்கோ இருந்த ஒரு தொல்லையைத் தீர்க்கச் செய்தது. அந்தத் தொல்லை உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

கத்தியின் கதை முழுக்க ஒரே இழுபறிதான். கடினமான பொருளில் மெல்லிசாகக் கூர் வைக்கலாம், அது நாள்படத் தாங்கும், ஆனால் சட்டென்று உடையும். மென்மையான பொருள் உடையாது, சீக்கிரம் மழுங்கும். எத்தியோப்பியாவில் கோனா என்ற இடத்தில் கிடைத்த கல் சில்லுகளுக்கு சுமார் 26 லட்சம் ஆண்டு வயது. இழுபறி அங்கேயே தொடங்கிவிட்டது. நம் பக்கத்தில் திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை. இந்தத் தேடலுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது 1863-ல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் கண்டெடுத்த கைக்கோடரி. அப்சிடியன் என்கிற எரிமலைக் கண்ணாடியைச் சில்லாகப் பெயர்த்தால் வருகிற விளிம்பு இன்றைய அறுவை சிகிச்சைக் கத்தியையும் தோற்கடிக்கும், ஆனால் பக்கவாட்டில் லேசாக அழுத்தினால் போச்சு. பின்னால் வந்த செம்பும் வெண்கலமும் அப்படி உடையவில்லை, மழுங்கினால் தட்டித் தீட்டிக்கொள்ளலாம். தீட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும், அது வேறு விஷயம்.

இந்த இழுபறியை ஓரளவுக்குத் தீர்த்து வைத்தது எஃகு. இரும்பில் கொஞ்சம் கார்பன் சேர்ந்து, அதைச் செந்நிறம் வரக் காய்ச்சி, தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் நன்றாக இறுகிவிடும். அப்படியே விட்டால் உடையும், அதனால் மறுபடி மிதமான சூட்டில் வாட்டிக் கொஞ்சம் இளக்குவார்கள். கொல்லர் பதம் பார்ப்பது என்பது இதைத்தான். இன்றைக்கு இந்தப் பதத்துக்கு ராக்வெல் அளவு என்று ஓர் எண் இருக்கிறது. சமையல் கத்திகள் பெரும்பாலும் 54-லிருந்து 65-க்குள் வரும். 56 பக்கம் இருந்தால் தட்டுமுட்டுக்குத் தாங்குகிற கத்தி, 62 என்றால் கூர் நீடிக்கும், ஆனால் பக்குவமாக நடத்த வேண்டும். கத்தி வாங்கும்போது பிராண்டைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த எண்ணைத் தேடுங்கள். எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

முதலில் நம் ஊர்ப் பட்டறைக் கத்தியை எடுத்துக்கொள்வோம். இரும்புக் கத்தி என்று சொன்னாலும் அது கார்பன் எஃகுதான். நிறைய பட்டறைகளில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைத்தான் வெட்டி, காய்ச்சி, அடித்துக் கத்தி செய்கிறார்கள். காயலான் கடைச் சரக்கு என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஸ்பிரிங் எஃகில் சுமார் 0.6 சதவீதம் கார்பன் இருக்கும், கத்திக்கு அது போதுமான அளவு, அதோடு வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த உலோகம் என்பதால் சுலபத்தில் உடையாது. உலகம் முழுக்கக் கொல்லர்கள் கையில் கிடைத்த நல்ல எஃகை எடுத்துத்தான் கத்தி அடித்திருக்கிறார்கள். தைவானைச் சேர்ந்த ஜின்மென் தீவின் மேல் 1958-லும் அதற்குப் பிறகு இருபது வருடமும் சீனா பீரங்கியால் சுட்டது, அந்தக் குண்டு ஓடுகளைத் தோண்டி எடுத்து இன்றும் அங்கே சமையல் கத்தி செய்து விற்கிறார்கள். ஒரு குண்டில் ஏறக்குறைய 60 கத்தி வருமாம். லாரிப் பட்டைக்கு என்ன குறை?

சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர். பட்டறையில் வாங்கப் போனால் உங்கள் பெயர், முகவரி, போன் நம்பர் கேட்டால் கோபப்படாதீர்கள், 2021-ல் காவல்துறை பட்டறைக்காரர்களை அப்படிக் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறது. சமையல் கத்தியால் வேறு சிக்கல் எதுவும் வராது. ஆயுதச் சட்ட விதிகளில் இருக்கிற 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்ற வரம்புகூட வீட்டு வேலைக்கும் விவசாய வேலைக்கும் செய்த கருவிகளுக்குப் பொருந்தாது.

இரும்புக் கத்தியின் பலம் கூர் ஏறுகிற வேகம். கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் பேப்பரை அறுக்கும் அளவுக்கு வந்துவிடும். விலையும் குறைவு. பலவீனம் எல்லோருக்கும் தெரியும்: துரு. மாங்காய், எலுமிச்சை, தக்காளி என்று புளிப்பு எதையாவது வெட்டிவிட்டு அப்படியே வைத்தால் அரை மணி நேரத்தில் நிறம் மாறும், இரவு முழுக்க சிங்க்கில் கிடந்தால் காலையில் செம்பழுப்பாகப் பொடி உதிரும். வாழைப்பூவும் வாழைக்காயும் சாதாரணமாகவே கறுக்கும், இரும்புக் கத்தி பட்டால் கூடுதலாகக் கறுக்கும். வெட்டி முடித்த உடனே கழுவித் துணியால் துடைத்து வைக்கிற பழக்கம் இருந்தால் சில மாதத்தில் கத்தி முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படியும், அதற்கப்புறம் துரு அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. அந்தப் படலத்தை அழுக்கு என்று நினைத்து நாரால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். வீட்டில் நாலு பேர் மாறி மாறிச் சமைக்கிறீர்கள், பாத்திரம் துலக்க வேறு ஒருவர் வருகிறார் என்றால் இரும்புக் கத்தி வேண்டாம். ஒருவர் கையில் மட்டும் இருக்கிற கத்திக்குத்தான் அது ஒத்துவரும்.

எஃகு என்றதும் கொடுமணலைச் சொல்லாமல் போக முடியாது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கிற அந்த ஊரில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இரும்பு உருக்கிய உலைகளும், மூசை என்கிற உலோகம் உருக்கும் மண் கிண்ணங்களும் அகழாய்வில் கிடைத்தன. மூசையில் இட்டு உருக்கிய தென்னிந்திய எஃகுக் கட்டிகள் மேற்கு ஆசியா வரை போயின, டமாஸ்கஸ் வாள் என்று பெயர் வாங்கியவை அந்த வகை எஃகில் அடித்தவை. 1790-களில் பம்பாயிலிருந்து லண்டன் ராயல் சொசைட்டிக்குச் சில கட்டிகளை அனுப்பி வைத்தார்கள். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரர் அதில் பேனாக்கத்தி அடித்துப் பார்த்து அசந்துபோனார். பின்னால் அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து, இந்த எஃகுக்கு ஏன் இவ்வளவு தரம் என்று தேடப் போய், எஃகில் வேறு வேறு உலோகங்களைக் கலந்து பார்த்தார்கள். 1820-லும் 1822-லும் அதைப் பற்றி எழுதினார்கள். கலந்து பார்த்தவற்றில் குரோமியமும் உண்டு. இன்றைக்கு நம் சமையலறையில் இருக்கிற துருப்பிடிக்காத கத்திக்கு ஒரு தூரத்து உறவு இப்படி நம் பக்கமே வருகிறது.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணம், இணையத்தில் ‘டமாஸ்கஸ் கத்தி’ என்று அலையலையாகக் கோடு போட்ட கத்திகளை விற்கிறார்கள். நல்ல தயாரிப்பு என்றால் அது இரண்டு வகை எஃகை மடித்து மடித்து அடித்து, அமிலத்தில் நனைத்துக் கோட்டை வெளியே கொண்டு வந்தது; பழைய மூசை எஃகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மலிவுச் சரக்கு என்றால் கோடு வெறும் லேசர் அச்சு, ஒரு வருடம் தேய்த்துக் கழுவினால் காணாமல் போகும். இரண்டிலுமே கோட்டுக்கும் வெட்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. பார்க்க அழகாக இருக்கிறது என்று வாங்கினால் சரி, கூராக இருக்கும் என்று வாங்காதீர்கள்.

அடுத்தது ஸ்டீல். துருவுக்கு முடிவு கட்டிய வகை. அது வருவதற்கு முன்னால் இங்கிலாந்தின் பணக்கார வீடுகளில் சாப்பாட்டுக் கத்திகளை எமரிப் பொடி போட்டுத் தேய்ப்பதற்கென்றே வேலைக்காரப் பையன்கள் இருந்தார்கள், கைப்பிடி சுற்றினால் கத்தி துலக்குகிற இயந்திரம்கூட விற்றது. பழம் வெட்டவும் மீன் சாப்பிடவும் வெள்ளிக் கத்தி வைத்திருந்தார்கள், எலுமிச்சைச் சாறு பட்டால் எஃகு கறுத்து வாயில் இரும்பு ருசி அடிக்கும் என்பதால். 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்ற உலோகவியலாளர், துப்பாக்கிக் குழாய் அரிப்பதைத் தடுக்க வழி தேடிக்கொண்டிருந்தவர், 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் கார்பனும் கொண்ட ஓர் எஃகை உருக்கினார். துப்பாக்கிக்கு அதை யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. கத்திக்கு ஆகும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் ஷெஃபீல்டின் கத்திக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், ‘வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். வெட்டவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. கார்பன் அவ்வளவு குறைவாக இருந்தால் எஃகு பெரிதாக இறுகாது, தோய்க்க வேண்டிய சூடும் பழைய எஃகைவிட வேறு. எந்தத் தொழிலாளியாக இருந்தாலும் பழகிய பதத்தில் அடித்தால் கெட்டுப் போகும். பிறகு எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்கிற கத்தித் தொழிற்சாலை மேலாளர் வினிகரில் போட்டுச் சோதித்துப் பார்த்து, பதத்தையும் பிடித்து, ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற பெயரையும் கொடுத்தார்.

‘ஸ்டீல் கத்தி கூராகவே இருக்காது’ என்று இன்றும் நம் வீடுகளில் சொல்வார்கள். மலிவுக் கத்தியைப் பொறுத்தவரை அது உண்மை. மெல்லிய தகட்டை அச்சில் வெட்டி, சரியாகப் பதம் போடாமல், ஓரத்தை மட்டும் உரசி அனுப்புகிற கத்தி இரண்டாவது வாரமே தக்காளியை நசுக்க ஆரம்பிக்கும். ஜெர்மனியின் சோலிங்கன், சுவிட்சர்லாந்தின் இபாக் போன்ற இடங்களிலிருந்து வருகிற நல்ல ஸ்டீல் கத்திகள் வேறு ரகம். பெரும்பாலும் அரை சதவீதம் கார்பன், 15 சதவீதம் குரோமியம், கூடவே கொஞ்சம் மாலிப்டினமும் வனேடியமும் சேர்ந்த எஃகு. ராக்வெல் அளவில் 55-லிருந்து 58. இதே வகை எஃகில் வேறு நாடுகளிலும் செய்கிறார்கள். சோலிங்கன் என்று போட்டிருந்தால் அது அந்த ஊரிலேயே செய்ததாக இருக்க வேண்டும் என்று ஜெர்மனியில் சட்டமே இருக்கிறது, ஆனால் நம் வேலைக்கு அந்த முத்திரை கட்டாயம் இல்லை. விக்டோரினாக்ஸ் பிளாஸ்டிக் பிடி போட்டு விற்கிற சாதாரணக் கத்தி பல ஓட்டல் சமையலறைகளில் புரள்கிறது, பார்க்க ஒன்றும் இருக்காது, வேலை செய்யும்.

இந்த ஸ்டீலின் நல்ல குணம், அது மழுங்குவதைவிட முதலில் மடங்கும். விளிம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், அவ்வளவுதான். கத்தியோடு விற்கிற நீளமான தீட்டுக் கம்பியில் நாலு முறை தடவினால் விளிம்பு நிமிர்ந்துவிடும், கூர் திரும்பும். பரங்கிக்காயில் சிக்கித் திருகினாலும், கோழி எலும்பில் தெரியாமல் பட்டாலும் சில்லு பெயராது. கழுவி வடிகட்டியில் போட்டுவிட்டு மறந்துபோகலாம். கத்தியைப் பற்றி யோசிக்கவே விருப்பமில்லாதவர்களுக்கான கத்தி, அதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஜப்பான் கத்திக்கு வருவோம், ஏனென்றால் இப்போது எல்லோருக்கும் அதன் மேல்தான் கண். ஒசாகா பக்கத்தில் இருக்கிற சகாய் நகரம் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்த புகையிலையை மெல்லிசாக நறுக்குவதற்குக் கத்தி செய்து பெயர் வாங்கியது. 1876-ல் மெய்ஜி அரசு சாமுராய்கள் வெளியிடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது, வாள் அடித்த பட்டறைகள் பல சமையல் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் மாறின. மாட்டிறைச்சி சாப்பிடுவது பரவியபோது ஐரோப்பியக் கத்தியைப் பார்த்து கியூட்டோ என்ற நீளக் கத்தி வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தை ஒட்டி வீட்டுச் சமையலுக்கென்று சாண்டோக்கு வந்தது: ஆறரை, ஏழு அங்குல நீளம், ஏறக்குறைய நேரான அடிவிளிம்பு, முனை மட்டும் மழுங்கலாகக் கீழே வளைந்திருக்கும்.

ஜப்பான் எஃகு ராக்வெல் 60-க்கு மேல் போகும், சிலது 64-ஐத் தொடும். ஜெர்மன் கத்தியில் ஒரு பக்கத்துக்கு 15-லிருந்து 20 டிகிரி சாய்வு வைத்தால் இங்கே 10-லிருந்து 15. அதனால்தான் தக்காளி தானாக விலகி விழுகிற மாதிரி வீடியோ எடுக்க முடிகிறது. அது பொய்யில்லை, உண்மையாகவே அப்படித்தான் வெட்டும். ஆனால் அந்த மெல்லிய, கடினமான விளிம்பு சேனைக்கிழங்கில் பாதி இறங்கி நின்று, நாம் வழக்கம்போல இடது வலமாக ஆட்டி விடுவிக்கப் பார்த்தால் சில்லு சில்லாகப் பெயரும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறி, வஞ்சிரத்தின் நடுமுள், தேங்காய் ஓடு, பலாக்கொட்டை எதற்கும் ஆகாது. கத்தியின் குற்றம் இல்லை, மீனை முள் நீக்கிப் பிரித்து, காய்கறியை மெல்லிசாகச் சீவுகிற ஊரின் கத்தி அது. இன்னொன்று, சில ஜப்பான் கத்திகளுக்கு ஒரு பக்கம்தான் சாணை பிடித்திருக்கும். இடதுகைப் பழக்கம் உள்ளவர் அதை வாங்கினால் வெட்டு நேராகவே போகாது.

எஃகையும் வடிவத்தையும் பிரித்துப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. சாண்டோக்கு வடிவம் நமக்கு மிக நன்றாக ஒத்துவரும். நாம் கத்தியை முன்னும் பின்னும் உருட்டி நறுக்குவதைவிட நேராக மேலிருந்து கீழே இறக்கித்தான் வெட்டுகிறோம், அதற்கு நேரான விளிம்பு வசதி. குத்துகிற முனை இல்லை, குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு நல்லது. (1669-லேயே பிரான்சின் பதினான்காம் லூயி கத்தி முனைகளை மழுக்கச் சொல்லிச் சட்டம் போட்டார், அவருக்குக் கவலை வேறு.) இந்த வடிவத்தில் ஜெர்மன் வகை ஸ்டீலிலேயே நிறைய கத்திகள் விற்கின்றன, விலையும் எட்டாத உயரத்தில் இல்லை. ஜப்பான் வடிவம், ஜெர்மன் எஃகு, நம் காய்கறி. எனக்குப் பிடித்த சேர்க்கை இதுதான்.

செராமிக் கத்தியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சிர்கோனியம் ஆக்சைடில் செய்தது, 1980-களில் ஜப்பானின் கியோசெரா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. துரு கிடையாது, மாதக்கணக்கில் கூர் நிற்கும், ஆப்பிள் வெட்டினால் உலோக வாசனை வராது. கீழே விழுந்தால் உடையும், வைரத் தூள் பதித்த கல் இல்லாமல் தீட்ட முடியாது. ஒருவகையில் மனிதன் சுற்றி வந்து மறுபடி கல்லிடமே சேர்ந்துவிட்டான். பழம் நறுக்க மட்டும் என்றால் வாங்கலாம்.

சீனக் கத்தியைப் பார்த்ததும் பலர் எலும்பு வெட்டுகிற கத்தி என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். அகலமாக இருக்கும், ஆனால் காய்கறிக்கான வகையின் தகடு மெலிசு, எலும்பில் போட்டால் அது கெடும். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் இது புதிதில்லை. பக்கவாட்டால் இஞ்சி பூண்டு தட்டலாம், நறுக்கியதை அதிலேயே வாரி வாணலியில் போடலாம். கை பழகினால் ஒரே கத்தியில் எல்லாம் முடியும். பழகுகிற வரைக்கும் கனமாகத் தெரியும்.

இனி அருவாமனை. இதைப் பழைய பொருள் என்று பரணில் ஏற்றிவிட்டவர்கள் நிறைய, எனக்கு அதில் வருத்தம் உண்டு. மற்ற எல்லாக் கத்தியிலும் காய் நிற்கும், கத்தி நகரும். இதில் கத்தி நிற்கும், காய் நகரும். காலால் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டால் இரண்டு கையும் காய்க்கே கிடைக்கும், அழுத்தம் தோளிலிருந்தும் முதுகிலிருந்தும் வரும், அதனால் மணிக்கட்டு வலிக்காது. பெரிய பூசணிக்காயை, வழுக்குகிற மீனை இரண்டு கையால் பிடித்து வெட்டுவது ஒரு கையால் பிடித்து வெட்டுவதைவிட எவ்வளவோ பத்திரம். மீன் சந்தையில் அருவாமனை போட்டு உட்கார்ந்திருக்கிற பெண்கள் வால், செவுள், செதில் எல்லாவற்றையும் நீக்கித் துண்டு போடுகிற வேகத்தை எந்தச் சமையல்காரரும் மேடைக் கத்தியை வைத்துக்கொண்டு எட்ட முடியாது. முனையில் துருவல் வைத்ததாக இருந்தால் தேங்காய்க்கும் தனிக் கருவி வேண்டாம். வங்காளத்தில் போட்டி என்றும் மராட்டியத்தில் விளி என்றும் இதே கருவிதான் இருக்கிறது, தரையில் உட்கார்ந்து சமைத்த ஊர்களுக்கெல்லாம் பொதுவானது.

அது பரணுக்குப் போனதற்குக் காரணமும் அதுவே. கேஸ் அடுப்பு வந்து சமையல் மேடைக்கு ஏறியதும் காய் நறுக்க மட்டும் தரைக்கு இறங்குவது யாருக்கும் ஒத்துவரவில்லை, மூட்டுவலிக்காரர்களுக்கு முடியவே முடியாது. தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் நிமிர்ந்து நிற்கும் கூர்மையான இரும்பு ஆபத்துதான், மடக்குகிற வகையாக இருந்தால்கூட மடக்க மறந்துவிடுவோம். மேடையில் திருகிப் பொருத்துகிற வகையும் கிடைக்கிறது, ஆனால் கால் அழுத்துகிற பிடிமானம் அதில் வராது. வீட்டில் ஏற்கெனவே இருந்து, அதை ஓட்டத் தெரிந்தவர் ஒருவரும் இருந்தால் இறக்கி வையுங்கள். முழு மீன் வாங்கி வீட்டிலேயே சுத்தம் செய்கிறவர்கள் புதிதாகவே வாங்கலாம். மற்றவர்கள் ஆசைக்கு வாங்கினால் மறுபடி பரணுக்குத்தான் போகும்.

சின்னக் கத்தி விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சின்ன வெங்காயம், பூண்டு உரிக்க, கையிலேயே பிடித்து பீன்ஸ் நார் எடுக்க மூன்று, மூன்றரை அங்குலத்தில் ஒரு மலிவுக் கத்தி போதும். பல் வைத்தது ஒன்று இருந்தால் தக்காளிக்கும் பிரெட்டுக்கும் உதவும், மழுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம்.

இப்போது சாணைக்கு வருகிறேன், உண்மையில் கட்டுரையே இதற்காகத்தான். எந்தக் கத்தியை வாங்கினாலும் மழுங்கும், இருபதாயிரம் ரூபாய்க் கத்தியும் மழுங்கும். தீட்டாத ஜப்பான் கத்தியைவிடத் தீட்டிய லாரிப் பட்டை நன்றாக வெட்டும். தெருவில் சைக்கிளில் வருகிற சாணைக்காரர் குறைந்துவிட்டார், வந்தாலும் வேகமாகச் சுழலும் உலர்ந்த கல்லில் தீப்பொறி பறக்க அழுத்திப் பிடித்தால் விளிம்பு சூடேறி நீலம் பாயும், பதம் போய்விடும். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. பெரியவர் ஒருவர் நிதானமாக, அடிக்கடி தண்ணீரில் நனைத்துப் பிடிக்கிறார் என்றால் தைரியமாகக் கொடுக்கலாம். கத்தியை நடுவில் விட்டு இழுக்கிற சின்னக் கருவி வேலை செய்யும், ஆனால் எஃகைச் சீவிச் சீவிச் சீக்கிரம் கத்தியைத் தின்றுவிடும். பீங்கான் கோப்பையின் அடியில், மெருகு இல்லாத வட்டத்தில் தீட்டுவது நம் வீடுகளின் பழைய வித்தை, அவசரத்துக்கு அருமை.

முறையாகச் செய்ய ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 3000 அல்லது 6000 என்று எண் போட்ட கல் ஒன்று வாங்குங்கள் (எண் கூடக் கூடக் கல் நைசு), ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே கிடைக்கும். நனைத்து, ஈரத்துணி மேல் நகராமல் வைத்து, கத்தியின் முதுகை ஒரு விரல் தடிமனுக்குச் சற்றுக் குறைவாகத் தூக்கிப் பிடித்து, அந்தச் சாய்வு மாறாமல் தேய்க்க வேண்டும். மறுபக்க விளிம்பில் விரல் நகத்துக்குத் தட்டுப்படுகிற மெல்லிய பிசிறு வந்ததும் திருப்பிப் போடுங்கள். இரண்டு பக்கமும் பிசிறு வந்தபின் நைசான பக்கத்தில் லேசாகத் தேய்த்து அதை எடுத்துவிட்டால் முடிந்தது. முதல் தடவை கோணலாகத்தான் வரும், பழைய கத்தியில் பழகுங்கள். மாதம் ஒருமுறை செய்தால் போதும்.

கூரைக் கெடுப்பதில் முதலிடம் கிரானைட் மேடைக்கு. மேடையிலேயே வைத்து நறுக்குகிற வீட்டில் எந்தக் கத்தியும் ஒரு வாரம் தாங்காது. கண்ணாடிப் பலகையும் எவர்சில்வர் தட்டும் அதே கதைதான். மரப்பலகையோ பிளாஸ்டிக் பலகையோ போடுங்கள். கறிக்கடையில் புளியமரக் கட்டை வைத்திருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை, வெட்டையும் தாங்கும், கத்தியையும் காப்பாற்றும்.

சரி, மூவாயிரம் ரூபாய் வைத்திருக்கிறீர்கள் என்றால் பாதியைக் கத்திக்கும், மீதியைக் கல்லுக்கும் பலகைக்கும் போடுங்கள். முழுவதையும் கத்திக்கே போட்டால் ஆறு மாதத்தில் முந்நூறு ரூபாய்க் கத்தி மாதிரிதான் வெட்டும். தனியாகச் சமைக்கிறவர், துடைத்து வைக்கப் பொறுமை உள்ளவர், பணம் அதிகம் போட விருப்பமில்லாதவர் பட்டறைக் கத்தியை எடுக்கலாம், ஆனால் கல் கட்டாயம். கூட்டுக்குடும்பம், வேலைக்கு ஓடுகிற வீடு என்றால் ஸ்டீல் சாண்டோக்கு. பெரும்பாலும் காய்கறி மட்டும், நறுக்குவதே ஒரு சுகம், இரண்டாவதாக ஒரு முரட்டுக் கத்தியும் கையில் இருக்கிறது என்கிறவர்கள் ஜப்பான் பக்கம் போகலாம். துரு பற்றி யோசிக்க வேண்டாத எஃகாக, விஜி-10 போன்றதாகப் பார்த்து எடுங்கள். அசைவம் நிறையச் செய்கிற வீட்டுக்கு ஸ்டீல் கத்தியோடு அருவாமனையோ அரிவாளோ ஒன்று தேவை. எலும்பையும் தேங்காயையும் அதனிடம் விட்டுவிடுங்கள்.

வாங்கக் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். டிராயரில் ஏற்கெனவே கிடக்கிற கத்தியைக் கல்லில் ஒருமுறை நன்றாகத் தீட்டி இரண்டு வாரம் அதிலேயே சமையுங்கள். அதற்கப்புறமும் பிடி கையில் உட்காரவில்லை, நீளம் போதவில்லை என்று தோன்றினால் தாராளமாகக் கடைக்குப் போகலாம். எட்டு அங்குலத்துக்கு மேல் மட்டும் எடுக்காதீர்கள், அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவில் நமக்கு இருக்கிற இடத்தில் அதைத் திருப்பவே முடியாது.